பந்தலுக்குப் பின்னால் நெருப்பு

சேரப்பணஞ்சேரிக்கு வெளியே, தொழிற்சாலை கட்டுவதற்காகக் கம்பிவேலி போட்டு அப்படியே விட்டுவிட்ட நிலம் ஒன்று உண்டு. கோரையும் சீமைக்கருவேலமும் ஆளுயரம் வளர்ந்து, அந்தக் கத்திரி வெயிலில் மொறமொறவென்று காய்ந்து கிடந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் ரத்னாவின் திராட்சைப் பந்தல். பந்தலை ஒட்டி, அவளும் கணவன் நரசிம்மனும் வாடகைக்கு விட்டிருந்த இரண்டு ஷீட் ரூம்கள்.

அந்த வட்டாரத்தில் திராட்சை போட்டவர்கள் வேறு யாரும் இல்லை. ரூமில் குடியிருந்த பேச்சிராஜ் கம்பத்துக்காரன். ஊருக்குப் போய் வந்தபோது பன்னீர் திராட்சைக் குச்சிகள் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தான். அவை வேர் பிடித்ததும் ரத்னாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டும் நரசிம்மன் முதலில் சிரித்தான். பிறகு அவனே லீவு போட்டுக் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்தான். இது முதல் காய்ப்பு. வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புவதாக வியாபாரி சொல்லிப் போயிருந்தார்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம், ரத்னா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வெளியே படபடவென்று வெடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் கருவேலம் எரிந்துகொண்டிருந்தது.

"அம்சாக்கா! நெருப்பு! ஃபயர் சர்வீசுக்குப் போன் போடுக்கா!"

பக்கத்து வீட்டு அம்சவல்லி அலறிக்கொண்டு ஓடிவருவதற்குள் ரத்னா மோட்டாரைப் போட்டு, ஓஸ் குழாயை இழுத்துக்கொண்டு வேலியோரம் போய்விட்டாள். தண்ணீரை விசிறி அடித்தாள். முகம் தீய்ந்துவிடும் போலிருந்தது. முதல் வரிசைக் கொடிகள் நனைந்தன. நெருப்பு வேலியருகே கொஞ்சம் தயங்கி நின்றது. காப்பாற்றிவிடலாம் என்றே நினைத்தாள்.

அப்போது காற்று திரும்பியது. எரியும் சருகுகள் அவள் தலைக்கு மேலே பறந்து ஷீட் ரூம்களின் மேல் விழுந்தன. சூடு தாங்காமல், குடியிருந்த பையன்கள் கூரைமேல் தென்னங்கீற்று பரப்பியிருந்தார்கள். அது குப்பென்று பிடித்துக்கொண்டது.

"ஐயோ, பசங்க நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்கிகினு கீதுங்க ரத்னா!" என்றாள் அம்சவல்லி.

ஓஸ் ஒன்றுதான். ரத்னா ஒருமுறை பந்தலைப் பார்த்தாள். கறுத்துப் பழுத்த கொத்துகள் புகைக்குள் ஆடிக்கொண்டிருந்தன. ஓஸை உருவிக்கொண்டு ரூம் பக்கம் ஓடினாள்.

"டேய் பேச்சி! எழுந்து வாடா வெளிய!"

கதவைத் திறந்துகொண்டு பேச்சிராஜ் கைலியோடு வந்தான். மேலே பார்த்தவன் முகம் வெளுத்துப்போயிற்று. "அக்கா, பக்கத்து ரூம்ல அருள்பாண்டி இருக்கான்க்கா! உள்தாழ்ப்பாள் உடஞ்சிருச்சுன்னு கூட இருக்குறவன் வெளிய பூட்டிட்டுப் போயிருக்கான்!"

உள்ளே இருமல் கேட்டது. பிறகு கதவு அதிர்ந்தது. "யாராச்சும் தொறங்கண்ணே!"

"பந்தலாண்ட கடப்பாரை கீது, எடுத்தாடா!" என்று கத்தியபடி ரத்னா கூரைமேல் தண்ணீரைப் பாய்ச்சினாள். எரியும் கீற்று துண்டு துண்டாக அவள் தோளில் விழுந்தது. பேச்சிராஜ் பூட்டை நெம்பத் தொடங்கினான். அதற்குள் ஓஸில் வந்த தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றேவிட்டது. மேலே போகும் மின்கம்பி பக்கம் நெருப்பு எட்டியதால் கரண்டை நிறுத்திவிட்டார்கள்; மோட்டார் ஓடவில்லை.

"நெம்புடா பேச்சி! நிறுத்தாத, நெம்புடா!" என்று ரத்னா கத்தினாள்.

பூட்டு தெறித்தது. அருள்பாண்டி தவழ்ந்து வெளியே வந்து விழுந்தான். பேச்சிராஜ் உள்ளே பாய்ந்து கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரூமின் கூரை உள்வாங்கியது. ரத்னா திரும்பிப் பார்த்தாள். பந்தலுக்குள் நெருப்பு நுழைந்துவிட்டது.

ஃபயர் சர்வீஸ் வண்டி வந்து தீயை அணைத்தபோது வேலியோரம் பாதிப் பந்தல் கரியாகிக் கிடந்தது. சொட்டுநீர்க் குழாய்கள் உருகித் தரையோடு ஒட்டியிருந்தன. சாயந்திரம் நரசிம்மன் யூனிபார்மோடு ஓடிவந்தான். தப்பிய பக்கத்தில் ஒரு பழம் பறித்து வாயில் போட்டுத் துப்பினான். ஒரே புகை நாற்றம்.

"தண்ணி இருந்துச்சே. நம்ப பந்தல்ல அடிக்காம இன்னா பண்ணே?"

"ரூம்ல பையன் இருந்தான்."

அவன் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரத்னாவுக்கும் அழுகை வந்தது; தோளில் எரிச்சல் அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை வண்டி வரவில்லை. புகை பிடித்த பழம் விற்காது என்று வியாபாரி போனிலேயே சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் அருள்பாண்டி வந்து வாசலில் நின்றான். இருமல் இன்னும் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நரசிம்மன் நிமிர்ந்து பார்த்தான்.

"சாப்ட்டியாடா?"

"இல்லண்ணே."

"உள்ள வா. ரத்னா, இவனுக்கும் சோறு போடு" என்று நரசிம்மன் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான்.