வயிற்றுப் புண்ணும் பந்தயக் குதிரையும்

என் மகன் கார்த்திகேசன் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி. இதைச் சொந்தக்காரர்கள் யாரிடமும் சொல்ல என் கணவர் விட்டதில்லை. பந்தயம் என்றாலே சூதாட்டம், பெண் தரமாட்டார்கள் என்பது அவர் கட்சி. பெங்களூரில் கம்பெனி வேலை என்று சொல்லிவைத்திருக்கிறார். எடை ஏறிவிடக் கூடாதென்று கல்யாண வீட்டுச் சொதிச் சாப்பாட்டில்கூட அவன் வெந்நீரைக் குடித்துவிட்டு எழுந்தான். அதற்கு வயிற்றுப் புண் என்று இன்னொரு பொய்.

அந்தப் புண்ணுக்காக கணவரின் அக்கா, என் மதினி மாரித்தாய், வரும்போதெல்லாம் மணத்தக்காளி வற்றல் கொண்டுவருவார். இன்றைக்கும் வந்தார். கூடவே ஒரு பெண்ணின் போட்டோ.

இன்றைக்குத்தானா வர வேண்டும்? நாட்டின் அதிவேகக் குதிரைகள் மட்டும் ஓடும் கோப்பைப் பந்தயம் இன்று. ஆயிரத்து இருநூறு மீட்டர். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அதில் ஓட்ட அவனுக்கு இதுதான் முதல் வாய்ப்பு. "நடக்கும்போதே பாரும்மா" என்று காலையில் சொன்னான். பிறகும் பார்க்கலாம்தான். ஆனால் அவன் விழாமல் போய்ச் சேர வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. வேறென்ன கேட்டேன் இந்த வீட்டில்?

அடுப்படியில் சீனி டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்தேன். குதிரைகள் புறப்படும் கூண்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. மஞ்சள் தொப்பி, அவன்.

"முத்துராணி, அக்கா காப்பிக்குச் சீனி பத்தல" என்று வெளியிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

டப்பாவை எடுத்தேன், போன் சரிந்தது. நிமிர்த்துவதற்குள் மதினியே உள்ளே வந்துவிட்டார்.

"ஏட்டி, வத்தல பைய வறுக்கணும், கருக விட்டுராத. புள்ளைக்கு வலி எப்படி இருக்கு?"

கூண்டுக் கதவுகள் திறந்தன.

"மதினி, செத்த சும்மா இருங்க! அங்க பாருங்க, மஞ்சத் தொப்பி. அதான் உங்க மருமகன்."

"எங்கன?" என்று குனிந்தார். திரை முழுவதும் அவர் கொண்டை. "இவன் ஏம்ட்டி குதிரை மேல இருக்கான்?"

கணவர் ஓடிவந்தார். "அது அவன் இல்லக்கா. அவன் சாயல்ல ஒருத்தன்."

கொண்டை விலகியபோது பந்தயம் முடிந்து குதிரைகள் வேகம் குறைந்து நடந்துகொண்டிருந்தன. கையிலிருந்த சீனிக் கரண்டியை யார்மேல் எறிவதென்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் மதினி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் சாயல், சாயல் என்றே சாதித்துக்கொண்டிருந்தார். இருட்டுகிற நேரத்தில் அவன் அழைத்தான்.

"ரெண்டாவதா வந்தேம்மா. பாத்தியா?"

நான் ஸ்பீக்கரைப் போட்டுக் கணவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "நீங்களே சொல்லுங்க. பாத்தோமா?"

அவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாத்தோம்லே" என்றார் பைய. "எல்லாரும்தான். ஒங்க அத்தையும் பாத்தா."

இதுவும் பொய்தான்; நான் பார்த்தது கொண்டையை. இதைத் திருத்த மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

மதினி போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஏலே மருமவனே, வயித்துப் புண்ண வச்சுக்கிட்டு ஏம்லே குதிரை ஏறுத?"