குவாலா குராவில் விழுந்தேன்

நீங்கள் ஒரு தடவை விழுந்தால் போதும், ஸ்கூட்டரை விற்றுவிடுவேன் என்று என் மகன் பவித்ரன் சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு ஈப்போவுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஸ்கூட்டர் என் பெயரில் இருக்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கி நான் வாங்கியது. விற்கப் போவது மட்டும் அவனாம்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது பாகான் செராய்க்கு வந்து சேர்ந்தவள். கடைக்கோ கோயிலுக்கோ, யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் போயிருக்கிறேன். முதலில் அப்பா, பிறகு வீட்டுக்காரர், பிறகு மகன். லைசென்ஸ் சோதனையில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை பாஸானபோது அதிகாரியே கைதட்டினார். அந்த வீறாப்பில்தான் ஞாயிற்றுக்கிழமை காலை கடலோரக் கம்பங்களை, மீனவர் கிராமங்களை, சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். கூடவே கலாதேவியும் பிரமிளாவும், ஆளுக்கொரு ஸ்கூட்டரில். இருவரும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர்கள்.

வயல்களுக்கு நடுவே வாய்க்காலை ஒட்டியே போகும் சாலை. பிரமிளா சத்தமாகப் பாடிக்கொண்டே ஓட்டினாள். நான் நினைத்த இடத்தில் நிறுத்தி, கொக்கு பார்த்தேன். யாரிடமும் கேட்காமல் நிறுத்தியதற்கே எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

குவாலா குராவ் சந்தில் பாதி ரோட்டுக்கு வலை விரித்துப் பொடி இறால் காயப்போட்டிருந்தார்கள். அதன்மேல் ஏற்றிவிடக் கூடாதே என்று ஹேண்டிலை ஒடித்தேன். ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. ஸ்கூட்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சேற்றில்.

ஓடிவந்த சீனக் கிழவி முதலில் இறாலைத்தான் பார்த்தாள். "உடாங் தாக் அப்பா-அப்பா!" இறாலுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். பிறகுதான் என்னைத் தூக்கிவிட்டு, முழங்கையில் தண்ணீர் ஊற்றினாள்.

"யானைக்கும் அடி சறுக்கும்லா," என்றாள் பிரமிளா.

"யாருடி யானை?"

சிரித்தோம். வண்டியை நிமிர்த்தினேன். ஸ்கூட்டர் கண்ணாடி உடைந்திருந்தது. முழங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. பவித்ரன் முகம்தான் கண்முன்னே நின்றது.

"கண்ணாடிய நாளைக்கே மாத்திரலாம்க்கா," என்றாள் கலாதேவி. "கைய கதவுல இடிச்சிக்கிட்டேன்னு சொல்லிருங்க. அவனுக்கு யாரு சொல்லப் போறா?"

நல்ல யோசனை. தலையாட்டியும் விட்டேன். கிழவி கொடுத்த மருந்தைத் தடவும்போதுதான் கோபம் வந்தது. மறைக்கிற அளவுக்கு நான் என்ன தப்புச் செய்தேன்? மறைத்தால், அவன் போட்ட சட்டத்துக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். அப்புறம் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு பொய் தேட வேண்டும்.

போனை எடுத்தேன்.

"அக்கா, சும்மா இருங்கக்கா!" என்று பிரமிளா கையைப் பிடித்தாள். உதறினேன்.

"பவித்ரன், குராவ்ல விழுந்துட்டேன்பா. கை உரிஞ்சிருக்கு. கண்ணாடி ஒடஞ்சிருச்சி. வேற ஒண்ணும் இல்ல."

"நான் அப்பவே சொன்னேன்லாம்மா! சாவிய கலா ஆன்ட்டிகிட்ட குடுங்க. நான் காடிய ஓட்டிக்கிட்டு வாரேன்."

"நீ சைக்கிள் பழகுனப்ப எத்தன தடவ விழுந்த? தாடைல மூணு தையல். நான் சைக்கிள வித்தேனா? தொடச்சித்தானே குடுத்தேன்?"

"அது வேறம்மா. அப்ப நான் சின்னப் பையன்."

"ஆமா, நான் பெரியவ. ஒங்கிட்ட பர்மிஷன் கேக்கப் போன் பண்ணல. விழுந்தேன்னு சொல்லத்தான் பண்ணேன்."

அவன் அப்பா நெஞ்சுவலியில் போனதிலிருந்து நான் தும்மினாலும் பயப்படுகிற பிள்ளை. அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவன் பயத்துக்காக மிச்ச வாழ்க்கையை வீட்டுக்குள்ளே உட்கார்ந்து கழிக்க என்னால் முடியாது.

"அங்கயே இருங்கம்மா," என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நான் வர்ற வரைக்கும் அசையாதீங்க."

"இங்க வராத. பக்கத்துக் கம்பம் தஞ்சோங் பியாண்டாங் வா, சேந்து மீன் சாப்பிடலாம்," என்றேன், சேற்றுக் காலோடு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தபடி. "மெதுவாவே வா. நான் ஒனக்கு முன்னாடி அங்க இருப்பேன்."