முதுகுத் துடுப்பில் ஒரு பொட்டு

மார்ச் பதினான்காம் தேதி காலை ஏழரை மணிக்கு, அவன் வீட்டு வரவேற்பறை ஜன்னலுக்கு எதிரே இருந்த உப்புநீர் மீன்தொட்டியில், யாரும் வாங்காத ஒரு மீன் காணப்பட்டது. அரை விரல் நீளம். மணல் நிறம்.

எப்படி வந்தது என்பதில் மர்மம் இல்லை. தொட்டிக்குள் அடுக்க ஜனவரியில் வாங்கிய கடற்பாறைகளில் ஒன்றின் பொந்துக்குள் குஞ்சாக ஒளிந்துகொண்டு வந்திருக்க வேண்டும். வயிற்றுத் துடுப்புகள் கிண்ணம்போல் சேர்ந்து கண்ணாடியில் ஒட்டியதால் உளுவை இனம் என்பதும் தெரிந்துவிட்டது. எந்த உளுவை என்பதில்தான் அவன் மாட்டிக்கொண்டான்.

அவன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்பவன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அணுக்களை வகை பிரித்து எண்ணுவது அவன் வேலை. இயந்திரம் குழம்பிய மாதிரிகளை அவனிடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு மீனை இனம் காண்பது பெரிய வேலையாக இருக்காது என்று நினைத்தான். ஆனால் போனைக் கண்ணாடியருகே கொண்டுபோனதும் மீன் துடுப்பை மடக்கிக்கொள்ளும். மடக்காத நாளில் படம் கலங்கியிருக்கும். மண்டி போட்டு மண்டி போட்டு முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

செப்டம்பரில் மனைவிக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. மாதக் கடைசிக்குள் வீட்டையும் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். மீன்தொட்டிக் கடைக்காரர் மற்ற மீன்களையும் இறால்களையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். உளுவையின் படத்தைப் பார்த்ததும் கையை விரித்தார்.

“பேரு தெரியாததை என் தொட்டியில விடச் சொல்றீங்களா? நாளைக்கு என் இறாலையெல்லாம் முழுங்கிட்டு ஏப்பம் விடும். பேரோட வாங்க சார், எடுத்துக்கறேன்.”

அருங்காட்சியகத்தில் மீன் இனங்களை ஆராயும் அம்மையாருக்கு நாற்பத்தோரு படங்கள் அனுப்பினான். ஒரு வாரம் கழித்து அவரே போனில் கூப்பிட்டார்.

“சார், சில படத்துல முதுகுத் துடுப்புல கறுப்புப் பொட்டு இருக்கு. சிலதுல இல்ல. ரெண்டு மீனைக் கலந்து அனுப்பியிருக்கீங்க.”

“இருக்கறதே ஒன்னுதான் மேடம். சமயத்துல பொட்டு மறையுது.”

“அது மறையற பொட்டு இல்ல.”

“எண்ணறதுதான் மேடம் என் தொழிலே.”

அவர், அப்படியானால் மீனை எரிசாராயத்தில் போட்டு அனுப்புங்கள், துடுப்பு முட்களை எண்ணி எந்த இனம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். எந்தக் கடலிலிருந்து வந்தது என்று தெரியாததை எந்தக் கடலிலும் விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே,” என்றாள் மனைவி, பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றியபடி. “தீனி போடறப்ப ஒன்னு இந்தப் பக்கம் வருது, ஒன்னு அந்தப் பக்கம் வருது.”

“ஒரே மீன் ரெண்டு பக்கமும் வரக்கூடாதா?”

“வரட்டும். நான் என்ன, நுண்ணோக்கியா வச்சிருக்கேன்?”

அதன் பிறகு பத்து நாட்கள் தொட்டியின் முன் உட்கார்ந்தான். ஒருமுறைகூட இரண்டு மீன்கள் சேர்ந்து தெரியவில்லை. தெரியாதது அவனுக்குத் திருப்தியாகவும் இருந்தது. இருப்பது ஒரே மீன்தான் என்று அம்மையாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினான். பத்தொன்பது வருடம் என்ற சொற்கள் அதில் மூன்று இடங்களில் வந்தன. பதில் வரவில்லை.

இருபத்தெட்டாம் தேதி மற்ற மீன்கள் கடைக்குப் போயின. மேல் பாறையைத் தூக்கியதும் உளுவை வலையில் விழுந்தது. அதை ஒரு வாளியில் வைத்துக் காற்று மோட்டாரை மாட்டிப் புது ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் அம்மையார் முட்களை எண்ணினால் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். மீன் வலியில்லாமல் மயங்கிச் சாகட்டும் என்று கிண்ணத்துத் தண்ணீரில் கிராம்பு எண்ணெயைக் கலந்து அதில் விட்டான். செவுள் அசைவு நின்ற பிறகும் கால் மணி நேரம் காத்திருந்து, கூடத்திலிருந்து கொண்டுவந்த சீசாவில் எரிசாராயத்தை ஊற்றினான். போடுமுன் ஊசிமுனையால் முதுகுத் துடுப்பை விரித்துப் பார்த்தான். பொட்டு இல்லை. செத்ததும் மறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சீசாவில் தேதியை எழுதி ஒட்டினான்.

மனைவி அடிப்பாறையைக் கழுவக் குளியலறைக்கு எடுத்துப்போயிருந்தாள். குழாய்ச் சத்தம் சட்டென்று நின்றது.

“ஏங்க, கொஞ்சம் வாங்க.”

பாறையோடு வந்த உப்புத்தண்ணீர் தேங்கிய வாளியின் அடியில் ஒரு மீன் இருந்தது. முதுகுத் துடுப்பை முழுக்க விரித்திருந்தது. பொட்டு, பேனாவால் வைத்ததுபோல் தெளிவாக இருந்தது.

அவள் வாளியைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த சீசாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

இம்முறை போனைக் கொண்டுபோயும் மீன் அசையவில்லை. ஒரே படம் போதுமாக இருந்தது. அதையும் சீசாவின் படத்தையும் அம்மையாருக்கு அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பொட்டுள்ளது ஆண், இல்லாதது பெண். ஒரே பொந்தில் ஜோடியாக இருக்கும், இறாலைத் தொடாது. அடியில் இனத்தின் பெயர் இருந்தது. அவனது கடிதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி, மீனைத் தண்ணீரோடு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றடைத்து, மாலையில் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் உறையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“ஓ, இதுவா? ஜோடியா இருந்தா நல்லாயிருக்கும். ஒன்னுதானா சார்?”

“ஒன்னுதான்,” என்றான்.

கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.