இந்தக் கதையில் இன்னும் மழை பெய்யவில்லை

1

இந்தக் கதை, ஒரு தொலைபேசி அழைப்பை நான் எடுக்காமல் விட்டதிலிருந்து தொடங்கியது. மே இருபத்தாறாம் தேதி, காலை பதினொரு மணி. திரையில் 'தோண்டிபா ஓடு' என்று பெயர் வந்தது. மணி அடித்து ஓய்ந்தது. உடனே நோட்டை எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நானே சொல்லிச் சொல்லிப் பழக்கியது.

தோண்டிபா முல்ஷிப் பக்கத்து விவசாயி. வருடாவருடம் மழைக்கு முன்னால் வந்து எங்கள் பின்கட்டு ஓடுகளைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, திரும்ப அடுக்கிவிட்டுப் போவார். முதல் ஓட்டை வீட்டுக்கு உரியவர் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் கூரையில் கால் வைப்பார். என் மாமியார் கொடுத்திருக்கிறார், என் கணவர் விநாயக் கொடுத்திருக்கிறார், போன இரண்டு வருடமாக நான்.

முன்கட்டுக்கு எண்பதுகளிலேயே கான்கிரீட் போட்டாயிற்று. அதன் மாடியில் நான் இருக்கிறேன். முற்றத்துக்கு அந்தப்புறம், ஓட்டுக்கூரையின் கீழ் இரண்டு அறைகளில் லிமயே காகூ, தமிழில் சொன்னால் லிமயே சித்தி, குடியிருக்கிறார். எண்பத்து நான்கு வயது.

ஆகவே கதையை இப்படித் தொடங்கலாம்:

'புனேயில், சதாசிவ் பேட்டில், ஒரு பழைய வீட்டின் சொந்தக்காரி ஒருத்தி—'

வேண்டாம். சொந்தக்காரி என்று எழுதும்போது கை கூசுகிறது. வேறு:

'அந்த வீட்டில் பிறந்தவர் ஒருவர். அது யார் பேரில் இருக்கிறதோ அவர் இன்னொருவர்.'

இது உண்மை. காகூவின் அப்பா 1938-இல் அந்த அறைகளை வாடகைக்கு எடுத்தார். காகூ அங்கேதான் பிறந்தார். நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். மாமியாரிடமிருந்து விநாயக்குக்கும், மூன்று வருடத்துக்கு முன் அவர் போனபிறகு எனக்கும் வீடு வந்தது. வந்தது என்றுதான் சொல்லவேண்டும். நான் எதுவும் செய்யவில்லை.

2

சட்டம் எளிமையானது. காகூ உயிரோடு இருக்கும்வரை அவரை நான் வெளியேற்ற முடியாது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூட யாரும் வசிக்கவில்லை. அதனால் அவருக்குப் பின் அந்த உரிமை யாருக்கும் போகாது. மற்ற ஐந்து குடித்தனங்களும் பில்டர் தந்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பில்டர் பானகே மரியாதையான மனிதர். செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு வருவார். காகூவை நேரில் போய்ப் பார்த்தார். புதுக் கட்டடம் எழும்ப மூன்று வருடம், அதுவரை ஊருக்கு வெளியே ஒரு வாடகை வீடு, அப்புறம் இதே இடத்தில் லிஃப்டோடு ஒரு ஃப்ளாட் என்று விளக்கினாராம். காகூ முழுக்கக் கேட்டுவிட்டு, "மூணு வருஷத்துக்கு முன்னாடியே இடம் போட்டு வைக்கிற வயசு எனக்கு இல்லப்பா. பஸ் டிக்கெட்டே ஏறினப்புறம்தான் எடுக்கறேன்" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பும்போது பானகே என் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீங்க எதுவுமே செய்ய வேணாம் மேடம். இந்த வருஷம் ஓட்டை மட்டும் தொடாம விட்டுடுங்க. ஒரே ஒரு மழைக்காலம். ஆபத்தான கட்டடம்னு மாநகராட்சியே நோட்டீஸ் ஒட்டிடும். உங்க பேரு எங்கயும் வராது."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்து—

(பார்க்கவில்லை. டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.)

* இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அறுபத்தொரு வயது. என் மாடிக்குப் பதினாறு படி. ஒவ்வொன்றையும் முழங்கால் எண்ணுகிறது. லிஃப்ட் என்று அவர் சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அதைப் பேராசை என்று எழுதினால் பெருமையாக இருக்கும். வெறும் முட்டிவலி.

3

முதல் வரைவில் காகூவைக் கெட்டவராக்கினேன். முற்றத்துக் குழாயைப் பூட்டிவைக்கிறவர். என் விருந்தாளிகளின் செருப்பை எண்ணுகிறவர். (எண்ணுவது உண்மை. "நேத்து ஆறு ஜோடி, போனது அஞ்சு" என்று ஒருமுறை கேட்டார்.) அவர் கதவில் தொங்கும் பலகையையும் சாட்சிக்குச் சேர்த்தேன்: 'ஒன்றிலிருந்து நான்கு வரை தூக்கம். தட்டினால் திறக்கப்படும். பேசப்படமாட்டாது.' திரும்பப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வைக்கிறவரை வெறுக்க முடியாது. வரைவு கெட்டது.

இரண்டாவதில் நல்லவராக்கினேன். அது இன்னும் மோசம். கதையில் நல்லவர்கள் தாங்களாகவே விலகிக்கொள்கிறார்கள். ஒன்பதாம் பக்கத்தில் சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். காகூ யாருடைய கையையும் அழுத்தி நான் பார்த்ததில்லை.

மூன்றாவதில் அவருக்கு நாக்பூரில் ஓர் அண்ணன் மகனைக் கொடுத்தேன். பெரிய வீடு, அன்பான மனைவி, தனி அறை. எழுதி முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காகூவுக்கு அண்ணனே கிடையாது.

சரி, தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். வானிலை அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். மாவட்டம் மாவட்டமாக வரும் மழையளவை வரைபடத்தில் குறிப்பது அவர் பொறுப்பு. முற்றத்து நடுவில் இப்போதும் அவருடைய மழைமானி ஒன்று நிற்கிறது. நான் அதன்மேல் ஈரத்துண்டைப் போட்டதற்காக எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள், என் சமையலறையிலிருந்து மசாலா வாசனையே வரவில்லையே, காய்ச்சலா என்று கேட்டார்.

(அந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கலாமா என்று பார்க்கிறேன். அடித்தால் எனக்கு வசதி. இருக்கட்டும்.)

4

முடிவுகள்.

(அ) டிசம்பர். தூக்கத்திலேயே. 'குளிர் ஏறியிருந்த அந்தக் காலையில் அவருடைய பால் பாக்கெட் பதினொரு மணிவரை கதவருகிலேயே கிடந்தது.' ஒரே மூச்சில் வந்தது. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பக்கத்தில் உயிரோடு நடமாடும் ஒருவரின் சாவு இவ்வளவு சரளமாக வருமென்றால் எத்தனை நாளாக உள்ளே ஒத்திகை நடந்திருக்கவேண்டும்?

(ஆ) ஆடிப்போன உத்தரம், நாலு நாள் அடைமழை, கூரை இறங்குகிறது. அந்த நேரம் காகூ பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போயிருக்கிறார். யாருக்கும் காயமில்லை. எவ்வளவு கரிசனமாக அவரை வெளியே அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

(இ) நாக்பூர்.

இன்று தோண்டிபாவின் ஐந்தாவது அழைப்பு. எடுக்கவில்லை.

5

நான் பேசுவது மராத்தி, எழுதுவது தமிழ். முப்பத்தைந்து வருடமாக இப்படித்தான். மொழிப்பற்று என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதைக்கு மட்டும் காரணம் வேறு. எதிர்க்கட்டில் இருப்பவருக்கு இதைப் படிக்கத் தெரியாது.

ஜூன் இரண்டாம் தேதி நாலு மணிக்கு மேல் மின்சாரம் போனது. மாடியில் வெக்கை தாங்காமல் நோட்டோடு முற்றத்துக்கு இறங்கினேன். காகூ நாற்காலியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவல் புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பத்தித்தான எழுதற, சூன்பாய்?"

சூன்பாய் என்றால் மருமகள். மாமியார் போய்ப் பதினோரு வருடம் ஆகியும் இந்த வீட்டில் என்னை மருமகளாக வைத்திருக்கிறவர் இவர் ஒருவர்தான்.

பொதுவாக எழுதுகிறேன் என்றேன்.

"பொதுவான்னா அதுல எனக்கு என்ன வயசு?"

"எண்பத்து நாலு."

"படி."

மராத்தியில் சொல்லிக்கொண்டே போனேன். பானகே பேசியதைத் தாண்டினேன். முடிவுகளைத் தாண்டினேன். தாண்டிய இடங்களில் என் குரல் வேகமெடுத்திருக்கவேண்டும். காகூவின் கை முறத்தில் நின்றது.

"கிழவி எப்போ சாகறா?"

"இன்னும் எழுதல, காகூ."

"டிசம்பர்ல வை. மழைல வேணாம், தூக்கிட்டுப் போறவங்க வழுக்கி விழுவாங்க."

எனக்குக் காது சுட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவலிலிருந்து ஒரு உமியை எடுத்துப் போட்டார்.

"இன்னொண்ணு. மே கடைசின்னு ஆரம்பிச்ச, ஜூனுக்கு வந்துட்ட. மழை எங்க? ஒரு மேகம்கூட இல்லையே. எங்க ஆபீஸ்ல இப்படி வரைபடம் கொண்டுபோய்க் குடுத்தா மூஞ்சில வீசியிருப்பாங்க."

"வரும்."

"ஏழாந்தேதி வரும்," என்றார். "நீ எழுதாட்டாலும் வரும்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோண்டிபா ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன், அதோடு அது முடிந்திருக்கும்.

6

நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். அவர் சொன்னது சரி. கூரை இறங்கும் முடிவில்கூட 'நாலு நாள் அடைமழை' என்று மூன்று சொல்லில் ஓடிப்போயிருக்கிறேன். யாரும் நனையவில்லை. படுக்கைமேல் சொட்டவில்லை. ஒரு பாத்திரத்தைக்கூட யாரும் ஒழுகலுக்குக் கீழே வைக்கவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்று முடிவிலும் தோண்டிபாவின் ஏணி இல்லை.

இந்த மாதிரிக் கதைகளில் தப்பிக்க ஒரு வழி உண்டு. முடிவை உங்களிடம் கொடுத்துவிட்டு நான் எழுந்து போய்விடலாம். 'வாசகரே தீர்மானிக்கட்டும்.' கௌரவமாக அதைத் திறந்த முடிவு என்போம். எழுதிக்கூடப் பார்த்தேன். எழுதியதும் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. நீங்க எதுவுமே செய்ய வேணாம் மேடம். உங்க பேரு எங்கயும் வராது.

அடித்துவிட்டேன்.

7

ஜூன் மூன்று. காலை எட்டு மணி இருக்கும்.

கீழே மரம் உரசும் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தேன். தோண்டிபா முற்றத்தில் நிற்கிறார். எங்கள் வீட்டிலேயே கிடக்கும் அவருடைய ஏணியை எடுத்துப் பின்கட்டுச் சுவரில் சாய்த்தாயிற்று.

"வஹினி, ஏழு தடவை கூப்பிட்டேன். போன் ரிப்பேரா?"

எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன். வஹினி, அதாவது அண்ணி, எழுதுகிறவர் என்பது அவருக்கும் தெரியும். தலையாட்டினார்.

"எழுதுங்க, எழுதுங்க. நாளைக்கு நான் ஊருக்குப் போறேன், விதைப்பு இருக்கு. அப்புறம் என்னைத் தேடாதீங்க."

காகூ வழக்கம்போல் தன் சாமான்களை முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சுருட்டிய மெத்தை, இரும்புப் பெட்டி, அப்பாவின் படம், அவல் டப்பா, கதவுப் பலகை. ஓடு பிரிக்கும்போது தூசி விழும் என்று வருடாவருடம் இப்படித்தான் வைப்பார். வீட்டைக் காலி செய்கிறவர்களும் இப்படித்தான் வைப்பார்கள். மேலிருந்து பார்க்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அவர் நாற்காலியை மழைமானிக்குப் பக்கத்தில் போட்டுப் பேப்பர் படிக்கிறார். ஒரு தடவைகூட நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்க்கவில்லை. பக்கத்தையும் திருப்பவில்லை.

போன வருடம் மிஞ்சிய ஓடுகள் மூலையில் அடுக்கியிருக்கின்றன. தோண்டிபா நாலாவது படியில் நின்று, பாதி திரும்பி, ஒரு கையைக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கையில் முதல் ஓடு வந்து சேராமல் அவர் மேலே போகமாட்டார்.

நான் இறங்கப் பதினாறு படி. ஓட்டைத் தூக்கிக் கொடுக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை இன்னும் இதை எழுதிக்கொண்டிருக்கிறது.