இது மார்கேட்

கடைசிப் படத்தை மாட்டும்போது ஏஞ்சலாவின் பெருவிரலில் ஊசி ஏறியது. விரலைச் சூப்பிக்கொண்டே பலகை நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். பக்கத்தில், திறந்த சவப்பெட்டிக்குள், அவளுடைய அப்பா நீக்கிலாஸ் கழுத்தில் ரை கட்டிக் கிடந்தார். உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் ரை கட்டியதே கிடையாது.

இங்கிலாந்தில் மார்கேட் என்ற கடற்கரை ஊரில், ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவியவர். விடுமுறைச் சனம் அலைமோதிய காலத்தில் தொடங்கி, அந்தச் சனம் ஸ்பெயினுக்குப் பறக்கப் பழகி, ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகப் பலகை அடித்து மூடப்பட்டது வரை, அதே தெருவைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துக்கொண்டே இருந்தார். கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் லீவு கிடைத்தால் அங்கேதான் ஓட்டம். அம்மா வேரோனிக்கா கேட்ட நயாகராப் பயணம் கடைசிவரை கிடைக்கவில்லை. இங்கே கலைக்கூடங்களில் படங்களைக் காட்டப் போனபோது, உங்கள் நாட்டு யுத்தப் படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று மரியாதையாக வழியனுப்பி வைத்தார்கள்.

முந்தநாள் ஆஸ்பத்திரியில், மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"உயிரோட இருக்கேக்க ஒருத்தரும் பாக்கேல்லை. செத்த வீட்டுக்கு எப்பிடியும் சனம் வரும். அங்க மாட்டு. ஆரும் கேட்டா இடத்தைச் சரியாச் சொல்லு பிள்ளை."

"சொல்லுறன் அப்பா. புறொமிஸ்."

சனம் வந்தது. ஸ்காபரோ மண்டபம் ஈரக் கோட்டுகளால் நிறைந்தது. பலகைக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். ஏஞ்சலாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"எப்பிடி நொருக்கியிருக்கிறாங்கள், பார்," என்றார் அன்புராசா அங்கிள், கூரை விழுந்த நடன மண்டபம் ஒன்றைக் காட்டி. "உது யாழ்ப்பாணத்தில எந்தப் பக்கம் பிள்ளை?"

"அது மார்கேட், அங்கிள். இங்கிலாந்து. பிஸ்னஸ் இல்லாமல் பூட்டினது."

"ஓம் ஓம்." தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "பொம்மர் வந்து குண்டு போட்டது," என்றார்.

ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணம் ஒரே இரவில் காலியாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படங்களில் தங்கள் வீடுகளைத் தேடினார்கள். மார்கேட், மார்கேட் என்று சொல்லிச் சொல்லி ஏஞ்சலாவுக்குத் தொண்டை கட்டியது. செத்தும் அப்பாவை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரையும் வெளியே துரத்தவேண்டும் போல வெறி வந்தது.

"விடு பிள்ளை," என்றாள் வேரோனிக்கா. விடமுடியவில்லை.

பெட்டியை மூடப்போகிறோம் என்று அறிவித்த பிறகுதான் யாழ்ப்பாணத்துக் கடலோரக் குருநகரைச் சேர்ந்த றெஜினா அன்ரி வந்து சேர்ந்தார். ஊரில் தங்கிவிட்ட மகனைப் பற்றி அவருக்கு ஐப்பசியிலிருந்து ஒரு சேதியும் இல்லை. கடலைப் பார்த்து நின்ற, சன்னலுக்குப் பலகை அடித்த ஒரு சின்ன வெள்ளை வீட்டின் முன்னால் அவர் நின்றுவிட்டார்.

"இது எங்கட வீடெல்லே," என்றார் மெதுவாக. "சுவர் நிக்குது. கூரையும் நிக்குது."

ஏஞ்சலா வாயைத் திறந்தாள்.

"எப்ப எடுத்தது பிள்ளை?"

மூடியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அன்ரியைப் பார்த்தாள்.

"மார்கழியில, அன்ரி."

"இடம்பெயர்ந்த பிறகோ? ஆர் எடுத்தது?"

"ஆரோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினது."

பின்னால் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. ஏஞ்சலா திரும்பவில்லை. மூலை கிழியாமல் படத்தைக் கழற்றிக் கொடுத்தாள். றெஜினா அன்ரி அதைக் கோட்டுக்குள் வைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.