மூன்றாம் ஓலை

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பிரெஞ்சு ராஜா இரண்டாம் ஃபிலிப்பை ஜோவிதா பாதியில் விட்டுவிட்டு வெளியே வர வேண்டியதாயிற்று.

அதுவரை பாடம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பையன் வயதில் பட்டத்துக்கு வந்தபோது பாரிஸைச் சுற்றிக் கொஞ்சம் நிலம்தான் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு பிரபுவும் தன் கோட்டைக்குள் தானே ராஜா. அவன் கண்ணை மூடியபோதோ, நார்மண்டி உட்படப் பாதி தேசம் அவன் கையில் இருந்தது. எப்படிச் சாதித்தான்? ஊர்களுக்குச் சம்பள அதிகாரிகளை அனுப்பினான். அவர்கள் இருப்பதும் போவதும் அவன் வாய்ச்சொல்லில்தான். பாரிஸைச் சுற்றி மதில் எழுப்பினான். தான் கேட்கும்போது கோட்டைக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

"அப்படிப்பட்டவன் டென்மார்க்கிலிருந்து இங்கபோர்க் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். மறுநாளே வேண்டாம் என்றான். காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. இவளுக்கும் என் முதல் மனைவிக்கும் ரத்த உறவு, அதனால் கல்யாணம் செல்லாது என்று ஒரு சபையைக் கூட்டினான். பிஷப்புகளும் பிரபுக்களும் வந்து ஆமாம் ஆமாம் என்று சத்தியம் செய்தார்கள். பொய்ச் சத்தியம்."

"அவ ஒண்ணும் சொல்லலையா மேடம்?" முதல் பெஞ்சு சிந்து கேட்டாள்.

"அவளுக்கு அந்த ஊர் பாஷையே தெரியாது சிந்து. தீர்ப்பை யாரோ அவளுக்குப் புரியவெச்சாங்க. அழுதுக்கிட்டே, தெரிஞ்ச லத்தீன்ல 'கெட்ட பிரான்ஸ்'னு சொன்னா. அப்புறம் ஒரே வார்த்தை. 'ரோமா'."

"அப்படின்னா?"

"உனக்கு மேல ரோம்ல போப் ஒருத்தர் இருக்கார், அங்க போய்க் கேட்டுக்கறேன்னு அர்த்தம்."

மேஜைமேல் போன் விடாமல் அதிர்ந்தது. ஜாய்சன். வகுப்பு நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவன். ஜோவிதா வராந்தாவுக்கு வந்தாள்.

"ஜோ, ஃபாதர் வரச் சொன்னாரு, போயிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை வாசிக்க விடமாட்டாராம்."

"என்ன சொல்றே? ஏன்?"

"நாம ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியாம்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "உங்க பெரியப்பா சொல்லியிருக்காரு."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் பூசையில் பெண் மாப்பிள்ளை பேரைச் சொல்லி ஓலை வாசிப்பது வழக்கம். ஏதாவது தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. அடுத்த வாரம் சனிக்கிழமை கல்யாணம். அதற்கடுத்த புதன் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் கல்யாணமே கிடையாது. அதுவரை பெரியப்பாவின் கையில் அகப்பட்ட கல்யாணம் என்ன கதி ஆகும் என்பது ஜோவிதாவுக்குத் தெரியும். அவளைக் கொடுக்க ஊருக்கு வெளியே சந்தாபுராவில் ஒரு குடும்பத்தின் மேல் அவர் முன்பே ஒரு கண் வைத்திருந்தார்.

பஸ்ஸில் காக்ஸ் டவுன் வீட்டுக்கு வந்து சேரும்வரை அவள் அதையேதான் மனதில் புரட்டிக்கொண்டு வந்தாள்.

சிரில் பெரியப்பா கெட்டவர் இல்லை. அப்பா இறந்தபோது ஜோவிதா பள்ளிக்கூடப் பெண். அன்றிலிருந்து ஒவ்வொரு பரீட்சைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுபோய்விட்டு, வெளியே மரத்தடியில் நின்று ஜெபமாலை சொன்னவர் அவர்தான். ஆனால் அந்தப் பெரிய வீட்டில் எல்லாமே அவர் சொல்படிதான். முன்கட்டு அவருடையது. பின்கட்டில் கணவனை இழந்த அன்னம்மாள் அத்தை. மாடியில் ஜோவிதாவும் அவள் அம்மா ஜோசஃபினும். முன்பு பக்கத்துப் போர்ஷனில் இருந்த சித்தப்பா, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிய பிறகு எப்படியோ சந்தாபுராவுக்குக் குடிபோனார். ஒவ்வொரு போர்ஷனின் மாற்றுச் சாவியும் பெரியப்பா அறை ஆணியில் தொங்கும். மாடிக்குப் போகிற படி அவர் கூடத்துக்குள்தான் ஏறுகிறது. யார் வந்தாலும் அவர் நாற்காலியைக் கடந்துதான் போக வேண்டும்.

ஜாய்சனைப் பார்த்துப் பேசி முடித்ததும் அவரேதான். அடுகோடியில் ஏசி சர்வீஸ் நடத்துகிறவன், அப்பா இல்லாதவன், பணிவான பையன், மாடியிலேயே வந்து இருந்துகொள்வான் என்று வாயாரப் புகழ்ந்தார். நிச்சயதார்த்தச் சாப்பாட்டில்தான் எல்லாம் கெட்டது. பாயசத்தை வைத்துக்கொண்டு ஜாய்சன் வெள்ளை மனதோடு கேட்டான்: "கல்யாணத்துக்கு அப்புறம் மாடிக்கு வெளிய இருந்தே ஒரு படிக்கட்டு வெச்சுக்கலாமா பெரியப்பா? நான் வேலை முடிச்சு எப்ப வருவேன்னு சொல்ல முடியாது, உங்க தூக்கம் கெடக் கூடாது பாருங்க."

பெரியப்பா சிரித்துக்கொண்டே "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். பாயசத்தைத் தொடவில்லை.

ஜோவிதா வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

"வா ஜோவி கண்ணு. காப்பி குடிச்சியா?"

"ஃபாதர்கிட்ட என்ன சொன்னீங்க பெரியப்பா?"

"உண்மையைச் சொன்னேன். அந்தப் பையனோட அப்பனைப் பெத்த ஆயா எங்க அம்மாவுக்குக் கூடப் பொறந்த அக்கா. அவன் அப்பன் எனக்கு அண்ணன் முறை. எனக்கே இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"கோயில்ல அறிவிப்பு வாசிக்கறவரே நீங்க, ரெண்டு ஓலையும் நீங்கதானே வாசிச்சீங்க? அப்ப ஞாபகம் வரலையா?"

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "பாவத்துல விழறதுக்கு முன்னாடி வந்துச்சே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லு. நாளைக்கு அஞ்சு மணிக்கு ஃபாதர் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கார். அன்னம்மாவும் சாட்சி சொல்லுவா."

மாடியில் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். "எதிர்த்துப் பேசாதடி. இந்த வீட்டை விட்டா நமக்கு யாரு இருக்காங்க?" என்றாள். ஜோவிதா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஜாய்சன் தன் அம்மா பிரிஜெட்டை பைக்கில் ஏற்றிக்கொண்டு சீக்கிரமே கோயில் காம்பவுண்டுக்கு வந்துவிட்டான். ஜோவிதாவைக் கண்டதும் தனியாக ஒதுங்கி வந்தான். முகம் சவரம் செய்யாமல் கறுத்திருந்தது.

"படிக்கட்டே வேணாம்னு அவர் கால்ல விழுந்து சொல்லிடட்டுமா ஜோ?"

"நீ கேட்டது படிக்கட்டு. அவர் காதுல விழுந்தது வேற. இன்னிக்கு விழுந்தா நாம தினமும் விழணும்."

"அப்ப என்ன பண்றது?"

"தெரியல. நீ பக்கத்துல நில்லு, போதும்."

"பக்கத்துல நின்னா அண்ணன் தங்கச்சின்னு போட்டோ எடுத்துடப் போறாங்க."

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பங்கு அலுவலகத்தில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஃபாதர். எதிரே நடு நாற்காலியில் பெரியப்பா, பங்குப் பேரவைக் கூட்டத்தில் உட்காருவதுபோலவே. அவருக்குப் பின்னால் அன்னம்மாள் அத்தை கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு. அம்மா கதவோரம்.

"சட்டப்படி இவ்வளவு தூரத்து உறவு தடை இல்ல," என்றார் ஃபாதர். "ஆனா குடும்பத்துப் பெரியவங்களே வந்து, ரத்த உறவு, அண்ணன் தங்கச்சி முறைன்னு சொல்றப்ப நான் கண்ணை மூடிக்கிட்டு வாசிக்க விட முடியாது. பிஷப் ஹவுஸுக்கு எழுதிக் கேக்கணும். நாளாகும்."

"என் மாமியாருக்கு அக்காவும் கிடையாது தங்கச்சியும் கிடையாது ஃபாதர்!" பிரிஜெட் குரல் அலுவலகத்தைத் தாண்டிக் கேட்டது. "ஒத்தைப் பொண்ணு!"

"நீங்க கட்டிக்கிட்டு வந்தவங்கம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" பெரியப்பா குரலை உயர்த்தவே இல்லை. "பழைய உறவெல்லாம் எங்க அம்மா வாயால நாங்க கேட்டது. என்ன அன்னம்மா?"

"ஆமா," என்றாள் அத்தை, தரையைப் பார்த்து.

"நிச்சயமாவா?" ஃபாதர் கேட்டார்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் ஃபாதர்."

ஃபாதர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். அவர் எழுதத் தொடங்கினால் அதோடு முடிந்தது. ஃபிலிப்பின் சபையில் பாஷை தெரியாமல் நின்றவளுக்கு ஒரு வார்த்தைதான் கிடைத்தது. எனக்குப் பாஷை தெரியும், பின்னே ஏன் வாயடைத்து நிற்கிறேன் என்று ஜோவிதா நினைத்தாள்.

"ஃபாதர், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"நீ வெளிய இரு கண்ணு," என்றார் பெரியப்பா. "பெரியவங்க பேசறோம்."

"என் கல்யாணம் பெரியப்பா." பெரியப்பாவைத் தாண்டி அத்தையைப் பார்த்தாள். இதை அத்தையிடம் கேட்க அவளுக்கு மனமே இல்லை. அக்கம்பக்கத்தில் யார் இறந்தாலும் முதல் ஆளாக வெள்ளைப் புடவையில் போய் நிற்பவள் அத்தை. சாவு வீட்டுக்குக் கோடித் துணி எடுப்பதிலும், பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து விடிய விடிய ஜெபம் சொல்வதிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

"அத்தை, ஜாய்சனோட ஆயா அடுகோடியில செத்தாங்களே, அந்தச் சாவுக்கு நீங்க போனீங்களா?"

அத்தை கைக்குட்டையை இன்னும் இறுக்கிக் கசக்கினாள்.

"யாரும் வரல," என்றாள் பிரிஜெட். "வந்து கோடி போட்டவங்க ஒவ்வொருத்தர் பேரும் எனக்கு இன்னிக்கும் தெரியும்."

"இதென்ன கேள்வி?" பெரியப்பா திரும்பினார். "அப்ப எங்களுக்குத் தகவல் வரல. அவ்வளவுதான்."

ஜோவிதா கண்ணை எடுக்கவில்லை. "உங்க அம்மாகூடப் பொறந்தவங்க, உங்களுக்குப் பெரியம்மா, அத்தை. ஒரு பஸ் தூரம். நீங்க போகலைன்னா, ஒண்ணு அந்த உறவு இல்ல. இல்லைன்னா எங்க அன்னம்மா அத்தை சொந்தப் பெரியம்மா சாவுக்கே போகாதவங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அத்தையின் முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று ஜோவிதா நினைத்தாள்.

"அதான் சொல்றேனே, தகவல் வரல," என்றார் பெரியப்பா மறுபடியும்.

"எனக்கா?" அத்தை பட்டென்று நிமிர்ந்தாள். "எனக்கா தகவல் வரல? காக்ஸ் டவுன்ல நாய் செத்தாக் கூட எனக்குத் தகவல் வரும். தகவல் வரலைன்னு எந்தச் சாவுக்கு நான் போகாம இருந்தேன், சொல்லுண்ணே! ரெண்டு கால்லயும் கட்டுப் போட்டிருந்தப்பக் கூட ஆட்டோ வெச்சுக்கிட்டுப் போனவ நான். பெரியம்மா சாவுக்குப் போகாதவன்னு நாளைக்கு ஊரே என்னைக் காறித் துப்பும். எனக்கும் ஒரு நாள் சாவு வரும்ல? யாரு வருவா?"

"அன்னம்மா—"

"ஃபாதர், அப்படி ஒரு பெரியம்மா எங்களுக்கு இல்ல. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

கதவோரம் நின்ற அம்மா மெல்ல வந்து அத்தையின் தோளில் கை வைத்தாள். பெரியப்பாவை எதிர்த்துப் பேசிய ஒருவர் பக்கம் அம்மா வந்து நின்றது ஜோவிதாவுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஃபாதர் பேனாவை மூடினார். "சிரில் சார், நாளைக்கு மூணாவது ஓலை உண்டு. வழக்கம்போல வாசிக்கறது நீங்கதான். முடியலைன்னா வேற யாரையாவது வாசிக்கச் சொல்றேன்."

பெரியப்பா எழுந்தார். நேரே வெளியே போனார். அன்று வீட்டில் அவர் நாற்காலி காலியாகவே இருந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது. அதைக் கடந்து மாடி ஏறும்போது ஜெயித்ததுபோலவே இல்லை ஜோவிதாவுக்கு.

ஞாயிறு தமிழ்ப் பூசையில் கோயில் நிறைந்திருந்தது. நன்றி மன்றாட்டு முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாசக மேடைக்கு யார் போகப்போகிறார்கள்? ஜோவிதா ஜாய்சனின் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஃபாதர் பக்கவாட்டில் பார்த்தார். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பையன் எழப் பார்த்தான்.

அதற்குள் முன் பெஞ்சில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை எழுந்தது. பெரியப்பா நடந்துபோய் மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்தார். தெருவாரியாக நடக்கும் அன்பியக் கூட்டம், சிலுவைப்பாதை நேரம், சாம்பல் புதன் பூசை எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தார். பிறகு நிறுத்தினார். யாரோ இருமினார்கள். பிரிஜெட் வாய்க்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"திருமண அறிவிப்பு. மூன்றாம் ஓலை," என்றார் பெரியப்பா. அடுகோடி ஜாய்சன் பேரையும் காக்ஸ் டவுன் ஜோவிதா பேரையும், இறந்துபோன தன் தம்பியின் பேரையும் தெளிவாக, ஒரு எழுத்துக்கூடத் தடுமாறாமல் வாசித்தார். "தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்." தலை நிமிர்ந்து கோயில் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சொல்லத் துணிவு யாருக்கு இருக்கிறது என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

ஜாய்சன் மூச்சை விட்டான். "மனசு மாறிட்டாரு பாரு," என்றான் காதோடு.

ஜோவிதாவுக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு ஒருவர் வாசித்தால் ஏன் என்று பங்கு முழுவதும் கேட்கும். அந்த மேடையை அவர் விடமாட்டார். ஃபிலிப்பும் ராணியைக் கடைசியில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டான், வருஷக்கணக்கில் அடைத்து வைத்த பிறகு, தன் காரியத்துக்காக. திங்கட்கிழமை சிந்துவிடம் மீதிக் கதையைச் சொல்ல வேண்டும்.

பூசை முடிந்து எல்லோரும் கலையும்போது பெரியப்பா மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஜாய்சனைப் பார்க்காமல் அவளிடம் மட்டும் பேசினார்.

"படிக்கட்டு கிழக்குப் பக்கம் வேணாம். என் ஜன்னலை மறைக்கும். வடக்கே வெச்சுக்கங்க. மேல் வாசல் சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கணும்."

வடக்கே என்றால் படி மறுபடியும் அவர் கூடத்து வாசலுக்கு எதிரே வந்து இறங்கும். அவர் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜாய்சன், சரி என்று சொல்ல வாயெடுப்பது தெரிந்தது. அவன் கையை அழுத்தினாள்.

"ஜன்னல் மறையாம கட்டச் சொல்றேன் பெரியப்பா. ஆனா கிழக்குதான். சாவியும் எங்ககிட்டதான் இருக்கும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "நீங்க கதவைத் தட்டுங்க. எந்நேரம்னாலும் ஓடி வந்து திறப்பேன்."

பெரியப்பா பாக்கெட்டிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"கல்யாணப் புடவைக்கு பிளவுஸ் தைச்சு வந்துடுச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல பெரியப்பா."

"ஏறு. டெய்லர் கடை இன்னிக்கு மத்தியானம்வரைதான் திறந்திருக்கும்."