அவரே எழுதிய இரங்கலுரை

செர்வா சவரம் செய்து முடித்ததும், படுக்கையில் கிடந்த ஒபிரி தலையணைக்கு அடியிலிருந்து இரண்டு தாள்களை உருவி மகளிடம் நீட்டினார். அவருடைய இறுதிச் சடங்கில் செர்வா வாசிக்க வேண்டிய இரங்கலுரை. அவரே எழுதியிருந்தார்.

"சத்தமா படி. கடைசி வரிசைக்கும் கேக்கணும்."

"'என்னைச் செவிலியராக்க அப்பா ஓடாய்த் தேய்ந்தார்...'" செர்வா நிறுத்தினாள். "அப்பா, நான் நர்ஸ் படிப்ப முடிக்கவே இல்லையே. உங்களக் கவனிக்க ஆளில்லன்னு ரெண்டாம் வருஷமே கூட்டிட்டு வந்துட்டீங்க."

"அதெல்லாம் ஜனங்களுக்கு எதுக்கு? அந்த இடத்துல குரல் கொஞ்சம் உடையணும். எங்க, திரும்பப் படி."

அவள் திரும்பப் படித்தாள்.

குமாசி நகரில் முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் சொல்லும் கதைகளில் அவரைத் தவிர வேறு யாரும் இருந்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மனநல மருத்துவர் செர்வாவிடம், இது தன்னை மட்டுமே மெச்சிக்கொள்ளும் ஒரு மனக்கோளாறு என்றார். "அவர் மாறுவார்னு காத்திருக்காதீங்கம்மா." அதன்பின் செர்வா வாதாடுவதை விட்டாள். காத்திருப்பதை விடவில்லை.

"அப்பா, வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். மார்புல கட்டி."

ஒபிரி மழித்த தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வியாழக்கிழமையா? அன்னைக்கு எனக்கு யாரு சவரம் பண்ணுவா?"

அன்று நண்பகலில் அவர் மூச்சு நின்றது. செர்வா அவர் கண்களை மூடிவிட்டு, அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

மாலைக்குள் துக்கத்துக்கான சிவப்பும் கறுப்பும் உடுத்திய உறவினர்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். அடக்கத்தை எப்போது வைக்கலாம் என்று பெரியவர்கள் கேட்டார்கள். வியாழனுக்கு அப்புறம் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாள் செர்வா.

அம்மா பிராகோவின் தோளைத் தடவியபடி அவள் தங்கை கேட்டாள்: "மொதமொதல்ல அவர எங்கக்கா பாத்த?"

"எஜிசு சந்தையில. நான் தக்காளி வித்துட்டிருந்தேன். அன்னைக்கு நல்ல மழை..."

பிராகோ அதோடு நிறுத்தினாள். இந்த இடம் வந்ததும் ஒபிரி எப்போதும் குறுக்கிட்டு, மீதியைத் தன் கதையாக்கிவிடுவார். நாற்பது வருஷப் பழக்கத்தில் அவள் படுக்கையறைக் கதவைப் பார்த்தபடி இருந்தாள்.



"சொல்லும்மா," என்றாள் செர்வா.

பிராகோ தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மழை இல்ல. வெயிலு. மழைன்னு சொல்லுவாரு அவரு."

செர்வா அம்மாவுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டாள்.